கம்பெனி பெயர் இல்லாத டிக்கெட்

மலேசியாவில் ஈப்போவுக்கும் லூமுட்டுக்கும் ஓடும் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. எங்கே ஏறினாய், எங்கே இறங்குவாய் என்று கேட்காமல் நான் ஒருவருக்கும் சீட்டுக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட என்னிடமே ஒரு மனிதர், "என்னா கம்பெனி ஏரோபிளேன்னு மட்டும் கேக்காத, ஏறுறதுக்கு மொத நாளு சொல்றேன்" என்று டிக்கெட் விற்றார். நானும் வாங்கினேன். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் எனக்குப் பைத்தியம் என்றார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஊர் வாயை மூட உலை மூடி உண்டா?

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பினாங்கிலிருந்து மெட்ராசுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் நின்றுபோயிருந்தது. இனி இந்தியா போவதென்றால் ஆகாயத்தில்தான். போக வேண்டியவள் நான் இல்லை, என் அக்கா செல்லம்மா. சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள். அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, லீவு போட்டுவிட்டுத் துணைக்குக் கிளம்பினேன்.

அக்காவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பயணம் யாருக்கும் விளங்காது. அவள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். யாரும் பதிந்து வைக்கவில்லை. நான் பிறக்கும்போது அம்மாவுக்குச் சிக்கலாகி லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அதனால் எனக்குப் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. ஒரே வயிறு, ஒரே தோட்டம். எனக்கு நீல ஐ.சி. அடையாள அட்டை, குடிமகள். அக்காவுக்குச் சிவப்பு ஐ.சி., குடியுரிமை கிடையாது. அடுத்தடுத்து மனுப் போட்டாள், மலாய்ப் பரீட்சைக்குப் போனாள், "பிறகு சொல்கிறோம்" என்றார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

சிவப்பு ஐ.சி.காரர்கள் வேலை செய்யத் தனிப் பெர்மிட் வேண்டும் என்று ஆரம்பித்த காலத்தில் அவள் புருஷன், எங்கள் மாமா, மனம் வெறுத்துத் துறையூர்ப் பக்கம் தன் அப்பா ஊருக்குப் போய்விட்டார். அக்கா போகவில்லை. பிள்ளை குட்டி இல்லை, தடுக்க ஆளில்லை, ஆனாலும் போகவில்லை. "நான் பொறந்தது இங்க. அந்த ஊரு அவரு அப்பாவுக்கு ஊரு, எனக்கு என்னா?" என்றாள். அலைந்து திரிந்து பெர்மிட் வாங்கி, தன் மரங்களையே சீவிக்கொண்டு கிடந்தாள். மாமா வருஷம் தவறாமல் எழுதுவார்: வீடு கட்டியாச்சு, வந்துவிடு. அந்த வருஷம் அக்கா முடிவு பண்ணிவிட்டாள். "கடுதாசியில சொன்னா அந்த மனுசனுக்கு ஏறல. நேரா போயி, மூஞ்சியப் பாத்து, வர மாட்டேன்னு சொல்லிட்டு வாரேன்."

போவது பெரிய காரியமில்லை. திரும்புவதுதான் காரியம். சிவப்பு ஐ.சி.காரர் வெளிநாடு போனால், இன்ன தேதிக்குள் திரும்பி வரலாம் என்று ஓர் அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் கதவு சாத்தியாச்சு. பிறந்த மண்ணில் கால் வைக்க அன்னியரைப் போல வரிசையில் நிற்க வேண்டியதுதான். அக்காவுக்குக் கொடுத்த கெடு ஒரு சனிக்கிழமையோடு முடிந்தது.

ஈப்போ பஸ் நிலையத்துக்கு எதிரில், பல் வைத்தியர் ஒருவருக்கு மேல் மாடியில் ஆ சோங் என்ற சீன முதலாளி, எங்கள் வாயில் தவுக்கே, டிக்கெட் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் தவுக்கே நம்மைப் போலவே தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கேண்டனீஸ்.

"கம்பெனி ஆபீசுல போனா முழு வெல. எங்கிட்ட பாதி. ஆனா பேரு கேக்கக் கூடாது" என்றார்.

"அது என்னா தவுக்கே, மாப்பிள மொகத்தப் பாக்காம கழுத்த நீட்டுற மாதிரி?"

"அதே கததான் லா. காலியா பறக்குற சீட்ட கம்பெனிக்காரன் எங்ககிட்ட தள்ளி விடுறான். பாதி வெலைக்கு விக்கிறான்னு தெரிஞ்சா, முழு வெல குடுத்தவன் சண்டைக்கு வருவான். அதனால பேரு சொல்ல மாட்டோம். மொத நாளு வரைக்கும் எனக்கே தெரியாது."

"பறக்குமா?"

"பறக்காம நடந்தா போவும்?"

பிறகு, "ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டார். இருக்கு என்றேன். என்னுடையது பாஸ்போர்ட். அக்காவுடையது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குடிநுழைவு இலாகா கொடுக்கும் ஓர் அடையாளப் புத்தகம். எங்கள் தோட்டத்தில் அதையும் பாஸ்போர்ட் என்றுதான் சொல்லுவார்கள். புத்தகம் மாதிரி இருந்து, படம் ஒட்டி, முத்திரை குத்தியிருந்தால் எங்களுக்கு அது பாஸ்போர்ட்.

டிப்போவில் விஷயம் பரவியதும் டிரைவர் மணியம் அண்ணன் விடவில்லை. "பாக்கியம், பேரு இல்லாத ஏரோபிளேன்ல டிரைவர் இருப்பானா? இல்ல, நீங்களே ஓட்டிக்கணுமா?" என்று பஸ் நிறைய ஆளிருக்கும்போது கேட்டார். "உங்களவிட நல்லா ஓட்டுவேண்ணே, பிரேக்க எங்க அமுத்தணும்னாவது எனக்குத் தெரியும்" என்றேன். அவர் ஹாரனை அமுத்தினார்.

தோட்டத்தில் வேறு மாதிரிப் பேச்சு. செல்லம்மா போனா வரமாட்டா, புருசன் வீடு கட்டி வச்சிருக்கான், இங்க வந்து கொசுக்கடியில என்னா பண்ணப்போறா. அக்கா காதிலேயே விழுகிற மாதிரிப் பேசினார்கள். அவள் வீட்டைப் பூட்டினாள். "பூட்டிட்டுப் போறேன். காலி பண்ணிட்டுப் போகல" என்று மட்டும் சொன்னாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் டிப்போவுக்குப் போன் வந்தது. தவுக்கே கம்பெனி பெயரைச் சொன்னார். பெரிய கம்பெனி. கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்திலிருந்து மெட்ராசுக்கு நேராகப் போவது. நான் அந்தப் பெயரை டிப்போ முழுக்கக் கேட்கிற மாதிரி ரெண்டு தரம் திருப்பிச் சொன்னேன்.

ஈப்போவிலிருந்து வாடகை டாக்சியில் நாலு பேரோடு நசுங்கிக்கொண்டு சுபாங் போனோம். காம்பார் தாண்டியதும் டயர் வெடித்தது. டிரைவர் மாற்று டயரை எடுத்துப் பார்த்தால் அது வெடித்ததைவிட மோசம். பின்னால் வந்த டாக்சிக்காரர் ஒன்று இரவல் கொடுத்தார். அக்கா சாலையோரத்தில் குந்தி, கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். "பசியாறிட்டு டென்சன் ஆவு" என்றாள். நல்ல யோசனை, அப்படியே செய்தேன்.

விமானத்தில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் முழு விலை கொடுத்தவர். அவருக்கு வந்த கோழியும் எங்களுக்கு வந்த கோழியும் ஒன்று. எனக்குப் பரம சந்தோஷம். அக்கா கோப்பியை ஒரு வாய் குடித்து, "இது கோப்பிச் சட்டி கழுவுன தண்ணி" என்றாள். பணிப்பெண் தமிழ்ப் பிள்ளை. சிரித்துக்கொண்டே தள்ளுவண்டியைத் தள்ளிப்போனாள்.

மெட்ராஸ் காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் ஈப்போ கோப்பியை உலகத்தில் எதுவும் மிஞ்சாது என்று சொல்லித் திரிந்தவள் நான். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஓட்டலில் வட்டாவில் ஆற்றிக் கொடுத்தார்கள். குடித்தேன். வாயை மூடிக்கொண்டு இன்னொன்று கேட்டேன். தோல்வியை ஒத்துக்கொள்ள எனக்குத் தெரியும், காப்பி விஷயத்தில் மட்டும்.

பஸ் விஷயத்தில் முடியாது. எங்கள் ஊரில் மணிக்கயிறு, அங்கே விசில். கண்டக்டர் தம்பி நோட்டுகளை விரலிடுக்கில் மடித்துச் செருகிக்கொண்டு, கூட்டத்துக்குள் நீச்சலடிக்கிற மாதிரி போனார். திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் சில்லறை கேட்டால், "எறங்கும்போது வாங்கிக்கம்மா" என்கிறார். இறங்கும்போது அவர் வண்டியின் இன்னொரு கோடியில் நிற்கிறார். துறையூர் வருவதற்குள் நான் அவரோடு மூன்று முறை சண்டை போட்டேன். கடைசியில் நானும் கண்டக்டர்தான் என்றதும், "பொம்பளை கண்டக்டரா? மலேசியாவுலயா?" என்று வாயைப் பிளந்து, சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார்.

மாமா ஊர் எல்லையிலேயே நின்றிருந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் ஓடி வந்தார். பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஓட்டு வீடு, சுற்றிலும் முருங்கை, கிணறு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப் பெண்கள் வந்து, "மலேயாக்காரி வந்துட்டா" என்று அவளைச் சுற்றிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அங்கே இவளை இந்தியாக்காரி என்கிறார்கள், இங்கே மலேயாக்காரி. எவரும் இவளை எங்களவள் என்று சொல்லக் காணோம்.

அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு அக்கா சொல்லிவிட்டாள். "இங்க பாருங்க. ஒங்களப் பாக்கத்தான் வந்தேன், தங்க வரல. நான் அங்கதான் இருப்பேன். ஒங்களுக்கு வர முடிஞ்சா வாங்க. இல்லாட்டி ஆளுக்கு ஒரு எடத்துல நல்லா இருப்போம்."

மாமா சிரித்தார். "வந்த களைப்பு. நாளைக்குப் பேசிக்கலாம்."

அந்த நாளை வரவே இல்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் பேசலாம் என்றார். தங்கச்சி வீட்டு விருந்துக்குப் போய்வந்து பேசலாம் என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை. காலையில் எழுந்து அக்காவுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார். ஆனால் அவருக்கு அந்தச் சனிக்கிழமை தெரியும். அதைத் தாண்டிவிட்டால் போதும், பேசவே தேவையில்லை என்றும் தெரியும். அக்காவிடம் நான் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

நாங்கள் புறப்பட வேண்டியது புதன்கிழமை. மூட்டையைக் கட்டியதும் மாமா கடைசி ஆயுதத்தை எடுத்தார். "மெட்ராசு வடக்க இருக்கு. புதன்கிழம வடக்க சூலம். சூலத்துக்கு எதிரா போகக் கூடாது."

பக்கத்து வீட்டு அம்மாளும் சேர்ந்துகொண்டாள். "அரசன நம்பிப் புருசனக் கைவிட்ட கதையா ஆயிடும் தாயி."

"அரசனையும் நம்பல, புருசனையும் கைவிடல. என் கைய நம்புறேன்" என்றாள் அக்கா. பிறகு மாமாவைப் பார்த்து, "வடக்க சூலம்னா பால் குடிச்சா சரியாப் போவும்னு எங்க தோட்டத்துலயும் சொல்லுவாங்க" என்று அடுப்பிலிருந்த பாலை எடுத்து, சூட்டோடு மடமடவென்று குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சூட்டினாலா வேறு எதனாலா எனக்குத் தெரியாது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார்.

மெட்ராசில் தவுக்கேயின் கூட்டாளி ஒருவர், மவுண்ட் ரோட்டுச் சந்து ஒன்றில் ஆபீஸ் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, மிகவும் மரியாதையான மனிதர். அவர்தான் திரும்பும் கம்பெனியின் பெயரைச் சொன்னார். வேறு பெயர்!

"போனது ஒரு கம்பெனி, வர்றது ஒரு கம்பெனியா?" என்றேன்.

"இந்த டிக்கெட்டே அப்படித்தாம்மா. சிங்கப்பூர் போய், ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலையில கோலாலம்பூர்."

நான் பஸ்காரி. எங்களிடம் போகவர டிக்கெட் வாங்கினால் போகிற கம்பெனியிலேயே வருவீர்கள். திரும்பும் சீட்டுக்கும் பெயர் கிடையாது என்று என் மூளைக்கு எட்டவே இல்லை. சரி, சிங்கப்பூரைப் பார்த்தது போலவும் ஆச்சு என்று அக்காவிடம் சொன்னேன். என் வாய் முகூர்த்தம்.

வியாழக்கிழமை விமான நிலையம். கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அக்காவின் புத்தகத்தைப் புரட்டினாள், இன்னும் புரட்டினாள், உள்ளே போய் ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் சொன்னார்: இது பாஸ்போர்ட் இல்லை. இதை வைத்திருப்பவர் சிங்கப்பூரில் ஓர் இரவு தங்க முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. நீங்கள் போகலாம், அவர் போக முடியாது.

நான் கத்தினேன். கோலாலம்பூர் வரைக்கும் டிக்கெட் விற்றுவிட்டுப் பாதியில் இறக்கிவிடுகிற கம்பெனி என்ன கம்பெனி என்றேன். எங்கள் பஸ் நின்றுபோனால் பின்னால் வருகிற எந்தக் கம்பெனி பஸ்ஸிலும் ஆளை ஏற்றிவிடுவோம், அதே டிக்கெட் செல்லும், அந்த மாதிரி பக்கத்துக் கவுண்டர் பிளேனில் ஏற்றிவிடுங்கள் என்றேன். வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தே விட்டார். ஏரோபிளேனை நான் லூமுட் பஸ் என்று நினைத்துவிட்டேனாம். நினைத்தால் என்ன? அந்தக் கவுண்டர்காரர் டிக்கெட்டிலிருந்த முத்திரையைக் காட்டினார்: வேறு கம்பெனிக்குச் செல்லாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். நான் மட்டும் போகிறதாக இல்லை. பிளேன் எங்களை விட்டுவிட்டுப் பறந்தது.

மாமா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றிருந்தார். நாங்கள் மூட்டையோடு திரும்பி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பாவம், மறைக்கத் தெரியவில்லை. "பாத்தியா? சாமியே தடுத்திருச்சு" என்றார்.

"சாமி இல்ல, சிங்கப்பூரு" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை, கூட்டாளி ஆபீஸைத் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் இருந்தோம். அவர் மரியாதையாகவே சொன்னார்: மலிவு டிக்கெட்டுக்கு மாற்றல் கிடையாது, பணமும் திரும்பாது, அடுத்த வாரம் ஏதாவது வந்தால் பார்க்கிறேன். அடுத்த வாரமா? அக்கா ஆபீஸ் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூட்டையைப் பக்கத்தில் வைத்தாள். வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். மத்தியானம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவருக்கும், "சாப்பிடுறீங்களா?" என்று நீட்டினாள். கூட்டாளிக்கு வேர்த்துவிட்டது.

நான் ஈப்போவுக்கு டிரங்க்கால் போட்டேன். காத்துக்கிடந்து, லைன் கிடைத்து, ஆ சோங் தவுக்கேயின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"பாக்கியம், என்னா லா, கோலாலம்பூர் வந்துட்டியா?"

"எங்க வாரது? அக்காகிட்ட இருக்கிறது பாஸ்போர்ட் இல்லன்னு எறக்கி விட்டுட்டான். நாளைக்கி அவளுக்குக் கெடு முடியுது. எந்தக் கம்பெனியா இருந்தாலும் வாயத் தெறக்காம ஏறணும்னு சொன்னீங்க. ஏறினோம். இப்ப நீங்க வாயத் தெறக்காம எந்தக் கம்பெனியிலயாச்சும் ஏத்துங்க. இல்லாட்டி ஈப்போ, சித்தியவான், லூமுட்டு, என் பஸ்சுல ஏறுற ஒவ்வொருத்தன்கிட்டயும் டிக்கெட்டோட சேத்து இந்தக் கதையையும் குடுப்பேன்."

"அக்காவுக்கு சிவப்பு ஐ.சி.யா? மொதல்ல சொல்றதுக்கென்னா? என் பெரியம்மாவுக்கும் சிவப்புத்தான் லா" என்றார். குரல் மாறியிருந்தது. "அவன்கிட்ட போனைக் குடு."

கொடுத்தேன். கூட்டாளியின் காதில் முதலில் தமிழ் விழுந்தது, பிறகு கேண்டனீஸ். இனிமேல் பேராக் மாநிலத்திலிருந்து ஓர் ஆள்கூட உனக்கு வரமாட்டான் என்று தவுக்கே சொன்னதாகப் பிறகு தெரிந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு சீட்டு பிறந்தது. சனிக்கிழமை, நேராகச் சுபாங். இந்த முறை கம்பெனி பெயரைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை பகல் விமானம். சாயங்காலம் சுபாங்கில் இறங்கிவிடலாம், கெடுவுக்குள் கால் வைத்துவிடலாம். கவுண்டரில் விட்டுவிட்டார்கள். உள்ளே போகும் நேரத்தில் மாமாவைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டார் போல என்று நினைத்தேன். வெயிலில் ஓடி வந்தார், கையில் ஒரு மண் குவளை. "சனிக்கிழம கெழக்க சூலம். கெழக்குக்குத் தயிர்" என்று அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அதை வாங்கிக் குடித்தாள். என்னால் பார்க்க முடியவில்லை, அழுகை வந்தது. திட்டித் தீர்த்த மனுஷனைப் பார்த்து அழுவதா என்று என் மேலேயே எனக்குக் கோபம்.

"உள்ள விடலன்னா திரும்பி வந்துரு. நான் இங்கயே நிக்கிறேன்" என்றார்.

"நிக்காதீங்க. இந்த வெயிலு ஒங்களுக்கு ஆகாது. பஸ்சப் புடிச்சி வீட்டுக்குப் போங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள் அக்கா. திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்தாள்.

பிளேன் கிளம்பவில்லை. சக்கரத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். ஒரு மணி நேரம் என்றார்கள், இன்னும் ஒரு மணி நேரம் என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஆரஞ்சுச் சாறு கொடுத்தார்கள், கட்லெட் கொடுத்தார்கள். அக்கா எதையும் தொடாமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கு வெளுக்கிற நேரத்தில்தான் பிளேனில் ஏற்றினார்கள்.

"இப்ப என்னா கெழம?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஆயிருச்சிக்கா."

இடுப்பு வாரை இழுத்து மாட்டினாள்.

உச்சி வெயிலில் இறங்கினோம். குடிநுழைவுக் கவுண்டரில் ஒரு மலாய் அதிகாரி, இளவயசு, சலவை மடிப்புக் கலையாத சட்டை. என்னுடையதில் குத்தித் தள்ளினார். நான் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரடி தள்ளி நின்றுகொண்டேன். போங்கள் என்று கை காட்டினார். போகவில்லை.

அக்காவின் அனுமதியைப் பார்த்தார். "இது நேத்தோட முடிஞ்சிருச்சு" என்று மலாயில் சொன்னார்.

"பிளேன் லேட்டு துவான். நாங்க நேத்தே ஏற வந்துட்டோம்" என்றேன் நான், ஐயா என்று கூப்பிடுகிற பணிவோடு.

"பிளேன் லேட்டானதுக்கு நான் பொறுப்பில்ல. அனுமதி முடிஞ்சவங்கள ஏத்திட்டு வந்த கம்பெனியே திருப்பிக் கொண்டுபோகணும். அதுதான் சட்டம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். அவள் பேசுவது சந்தை மலாய். சித்தியவான் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அதே குரலில் கேட்டாள்:

"திருப்பி எங்க கொண்டுபோவும்?"

"மெட்ராசுக்கு."

"அங்க எனக்கு விசா ஒரு தடவைக்குத்தான். அதுவும் முடிஞ்சிருச்சு. அவனும் உள்ள விட மாட்டான். அப்புறம் எங்க?"

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். பின்னால் வரிசையில் முனகல் கேட்டது.

அக்கா குனிந்து, புத்தகத்தின் முதல் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி, படத்துக்குக் கீழே விரலை வைத்தாள். எந்த நாட்டவர் என்ற இடம். அங்கே ஒன்றும் இல்லை.

"பேனா ஒங்க கையிலதான இருக்கு, துவான். இதுல ஒரு நாட்டோட பேர எழுதுங்க. எந்த நாடுன்னாலும் சரி. எழுதிட்டு அங்க அனுப்புங்க, சத்தியமா நான் போறேன். எழுத முடியலன்னா முத்திரையக் குத்துங்க. எனக்கு நாளைக்கு வேல இருக்கு."

அவர் பேனாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு கவுண்டருக்கு நகர்ந்தார்கள். அக்கா மட்டும் இரண்டு கையையும் கவுண்டர் மேல் வைத்துக்கொண்டு, காலியான அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்தார். உட்கார்ந்தார். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

"அடுத்த தடவை நேரத்தோட வந்துருங்க, மக்சிக்" என்றார், பெரியம்மா என்று அழைக்கிற மாதிரி, மெதுவாக.

"அடுத்த தடவையே கெடையாது. நான் இனிமே எங்கயும் போக மாட்டேன்" என்றாள் அக்கா. புத்தகத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, என்னைத் தாண்டி வெளியே நடந்தாள்.